வயிற்றில் பையுடன் பயணம் செய்தல்

இந்தப் பாடம் யாருக்கு?

குடல் அல்லது சிறுநீர்ப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வயிற்றில் பை அணிந்து வாழ்பவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. புற்றுநோய், குண்டுச் சன்னக் காயம், விபத்து, குடல் அடைப்பு எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். பாடத்தைப் படித்து முடிக்கும்போது உங்கள் அடுத்த பயணத்துக்கான திட்டம் ஒன்றை நீங்களே எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவே எங்கள் நோக்கம்.

மீள்குடியேற்றம் என்றாலே அலைச்சல்தான். கிராம உத்தியோகத்தரிடம் பதிவு, பிரதேச செயலகத்தில் காணி ஆவணம், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி, மாதக் கிளினிக் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். பை அணிந்த பலர் இதில் எதற்கும் போவதில்லை. "பஸ்ஸில் கசிந்தால் என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தினால் எந்த முகத்தோடு இருப்பது?" என்ற பயம் அவர்களை மறித்துவிடுகிறது. கல்யாண வீட்டுக்குப் போகாமல் விட்டால் மனவருத்தம் மட்டும்தான். கிளினிக்குக்குப் போகாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் இப்போது அணிந்திருக்கும் பை பிறந்த கதையும் இதே பயத்திலிருந்துதான் தொடங்குகிறது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த எலிஸ் சோரன்சன் ஒரு தாதி. அவருடைய தங்கை தோராவுக்குக் குடல் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு, கசிந்துவிடுமோ என்ற அச்சத்தில் தோரா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். அக்காலத்தில் துணிப் பட்டிகளும் உலோகக் கிண்ணங்களும் கனத்த றப்பர்ப் பைகளும்தான் பாவனையில் இருந்தன. தங்கையின் நிலையைப் பார்த்த எலிஸ், தோலில் நேராக ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை 1954இல் வடிவமைத்தார். பின்னர் அது தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. ஆகவே, உங்கள் பை உங்களை வீட்டில் இருத்தி வைப்பதற்காக வந்த பொருள் அல்ல. வெளியே அனுப்புவதற்காகவே வந்தது.

1. முதலில் உங்கள் பையை அறிந்துகொள்ளுங்கள்

குடலின் அல்லது சிறுநீர்ப் பாதையின் ஒரு முனையை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தைத்திருப்பார்கள். அதனை வைத்தியசாலையில் ஸ்டோமா என்பார்கள். இளஞ்சிவப்பாக, வாயின் உட்புறம் போல ஈரமாக இருக்கும். தொட்டால் வலி தெரியாது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் வருவது வழமை. பை மூன்று வகைப்படும். வகைக்கு ஏற்பப் பயணத் தயாரிப்பும் மாறும்.

பெருங்குடல் பை (கொலஸ்டமி): பெரும்பாலும் இடது பக்கத்தில் இருக்கும். மலம் ஓரளவு கட்டியாக, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை வெளியேறும். இதில் தொல்லை தருவது வாயுவும் மலச்சிக்கலும்.

சிறுகுடல் பை (இலியொஸ்டமி): பெரும்பாலும் வலது பக்கத்தில் இருக்கும். கஞ்சி போன்ற மலம் நாள் முழுவதும் வெளியேறும். ஐந்தாறு தடவை பையை வெறுமையாக்க வேண்டி வரும். நீரும் உப்பும் உடம்பிலிருந்து விரைவாக இழக்கப்படுவதே இதிலுள்ள பெரிய ஆபத்து.

சிறுநீர்ப் பை (யூரொஸ்டமி): சிறுநீர் இடைவிடாது சொட்டிக்கொண்டே இருக்கும். நீண்ட பயணத்தில் காலில் கட்டும் பையையோ இரவுப் பையையோ குழாய் மூலம் இணைத்துக்கொள்ளலாம்.

உங்களுடையது எந்த வகை என்பது தெரியாவிட்டால், அடுத்த கிளினிக்கில் கேட்டு உங்கள் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். பையின் பெயர், அளவு, இலக்கம் ஆகியவற்றையும் அதன் கீழே எழுதுங்கள். வீடு மாறி வேறு வைத்தியசாலைக்குப் போகும்போது இந்த நான்கு வரிகளும் உங்களுக்காகப் பேசும்.

2. பயணத்துக்கு முந்திய நாள்

புதிய பையைப் பயணம் புறப்படும் நேரத்தில் ஒட்டாதீர்கள். முதல் நாள் மாலையில் ஒட்டுங்கள். பசை தோலோடு நன்றாகப் பிடிக்க நேரம் கிடைக்கும். தோலை வெறும் தண்ணீரால் கழுவி, முழுவதும் உலர விடுங்கள். எண்ணெய், பவுடர், வாசனைச் சவர்க்காரம் பூசிய தோலில் பசை பிடிக்காது. ஒட்டும் தட்டின் துளையை ஸ்டோமாவை விட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக வெட்டுங்கள். துளை பெரிதானால் மலம் தோலில் பட்டுப் புண்ணாகும். தட்டை ஒட்டுமுன் இரு கைகளுக்கு நடுவே சிறிது நேரம் வைத்துச் சூடாக்குங்கள். ஒட்டிய பின் உள்ளங்கையால் ஒரு நிமிடமளவு மெல்ல அழுத்திப் பிடியுங்கள்.

பயணப் பொதியில் வைக்க வேண்டியவை:

• பயண நாட்களுக்குத் தேவையான பைகள், அதே எண்ணிக்கையில் இன்னொரு மடங்கு
• துளை முன்கூட்டியே வெட்டப்பட்ட ஒட்டும் தட்டுகள்
• ஒரு போத்தல் தண்ணீர் (குடிக்கும் தண்ணீர் வேறு)
• மெல்லிய பருத்தித் துணித் துண்டுகள் அல்லது ரிசு
• கறுப்புப் பொலித்தீன் பைகள் ஐந்தாறு
• மாற்று உடுப்பு ஒன்று
• சிறிய கைக்கண்ணாடி, உடுப்பை மேலே தூக்கிப் பிடிக்க ஒரு துணி கவ்வி
• ஜீவனிப் பக்கற் இரண்டு
• கிளினிக் புத்தகம், அடையாள அட்டை

இந்தப் பொதி எப்போதும் உங்கள் மடியில் இருக்கட்டும். பஸ்ஸின் மேல் தட்டிலோ பின் பெட்டியிலோ வைத்தால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு எட்டாது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் விட்டுவிடாதீர்கள். சூட்டில் பசை இளகிப் பழுதாகிவிடும்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாரத்தின் முடிச்சு, சேலையின் கொசுவம், சல்வாரின் நாடா ஆகியவை ஸ்டோமாவின் மேல் அழுத்தக்கூடாது. சற்று மேலே அல்லது கீழே கட்டுங்கள். பிளாஸ்டிக் பை தோலில் பட்டு வியர்க்கிறதா? மருதமுனைக் கைத்தறிப் பருத்தித் துணியில் மெல்லிய உறை ஒன்றைத் தைத்துப் பைக்குப் போடுங்கள். வியர்வையை உறிஞ்சும், சரசரப்பும் கேட்காது. ஊரில் எந்தத் தையல்காரரும் சில நிமிடங்களில் தைத்துத் தருவார்.

3. குறுகிய பயணம்: நற்பிட்டிமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு

முதல் பயணத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். நற்பிட்டிமுனையிலிருந்து ஓட்டோவில் கல்முனைச் சந்தைக்குப் போய் வாருங்கள். அடுத்ததாக கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கு. அது பழகிய பின், போதனா வைத்தியசாலை இருக்கும் மட்டக்களப்புக்கு. கல்முனையிலிருந்து அது சுமார் 40 கிலோமீற்றர். வழியில் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி என்று இறங்கி ஆறுவதற்கு ஊர்கள் உண்டு.

வீட்டிலிருந்து இறங்குமுன் பையை வெறுமையாக்குங்கள். பஸ்ஸில் முன்பகுதியில், கதவுக்கு அருகில், நடைபாதை ஓரமாக இருக்கை பிடியுங்கள். சில்லுக்கு மேலுள்ள இருக்கையிலும் கடைசி வரிசையிலும் குலுக்கல் அதிகம். சனம் நிறைந்த பஸ்ஸில் நின்று போக நேர்ந்தால், பொதியை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவரின் முழங்கை நேரே ஸ்டோமாவில் படாது. காரில் போகும்போது ஆசனப் பட்டியை ஸ்டோமாவுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படியும்படி போடுங்கள். அழுத்தினால் பட்டிக்கும் வயிற்றுக்கும் இடையில் மடித்த துவாய் ஒன்றை வையுங்கள். பட்டி போடாமல் மட்டும் போகாதீர்கள்.

சாப்பாட்டை விடுவதால் பை வெறுமையாக இருக்காது. வெறும் வயிற்றில் வாயுதான் கூடும். வழமையான நேரத்தில், வழமையை விடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுங்கள். சோறு, இடியப்பம், வாழைப்பழம் ஆகியவை மலத்தை ஓரளவு கட்டியாக்கும். கோவா, பயறு, பச்சை வெங்காயம், சோடா ஆகியவை வாயுவைக் கூட்டும். முட்டையும் மீனும் மணத்தைக் கூட்டும். சிறுகுடல் பை அணிந்தவர்கள் தேங்காய்ச் சொட்டு, சோளம், அன்னாசி, கச்சான், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவற்றைப் பயண நாளில் தவிர்ப்பது நல்லது. அவை ஸ்டோமாவில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

வெளியிடத்து மலசலகூடத்தில் பையை வெறுமையாக்கும் முறை:

அ. பை மூன்றிலொன்று முதல் பாதி வரை நிறைந்தவுடனே வெறுமையாக்குங்கள். முழுவதும் நிறைந்தால் பாரத்தில் தட்டு கழரும்.
ஆ. உடுப்பை மேலே தூக்கிக் கவ்வியால் பிடியுங்கள்.
இ. குழிக்குள் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தெறிப்பது குறையும்.
ஈ. குந்தியிருக்க முடியாதவர்கள் சுவரில் ஒரு கையை ஊன்றி முன்னால் குனியலாம்.
உ. பையின் அடிவாயை மேல்நோக்கிப் பிடித்துத் திறந்து, பிறகு கீழே சரியுங்கள். மேலிருந்து கீழாக விரல்களால் வழித்துவிடுங்கள்.
ஊ. அடிவாயின் உட்புறத்தையும் நன்றாகத் துடைத்த பின் மூடுங்கள். மணம் வருவது பெரும்பாலும் இந்த ஓரத்திலிருந்துதான்.

கழற்றிய பையை மலசலகூடக் குழிக்குள் போடாதீர்கள். வாய்க்காலிலும் கடற்கரையிலும் எறியாதீர்கள். உள்ளே இருப்பதை வெறுமையாக்கி, இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: மணக்காதா? சரியாக ஒட்டியிருக்கும் பை மணத்தை வெளியே விடாது. உங்கள் மூக்குக்குத் தெரிவது போலத் தோன்றுவது பல வேளைகளில் உங்கள் பயம்தான். உண்மையாகவே மணந்தால், எங்கோ தட்டு கழன்றுள்ளது என்று பொருள். அத்தர் பூசி மறைக்காமல், அடுத்த தரிப்பில் இறங்கிப் பாருங்கள். வாயுவை விடுவதற்கென்று பையில் ஊசியால் துளை போடுபவர்கள் இருக்கிறார்கள். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். துளையிட்ட பை பயணத்துக்கு உதவாது.

கசிந்தே விட்டால்? துணித்துண்டை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நடத்துனரிடம் "எனக்குச் சத்திரசிகிச்சை செய்திருக்கு, மலசலகூடம் உள்ள இடத்தில கொஞ்சம் நிற்பாட்டுங்கோ தம்பி" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வசனத்தை வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

4. நீண்ட பயணம்: கொழும்புக்கும் மஹரகமவுக்கும்

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் இரவு முழுவதும் பஸ்ஸில் இருக்க வேண்டி வரும். ஏறுமுன் சாரதியிடமோ நடத்துனரிடமோ எங்கெங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பை நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஒவ்வொரு தரிப்பிலும் இறங்கி வெறுமையாக்குங்கள். நித்திரையில் பை நிறைந்துவிடும் என்று பயமா? தொலைபேசியில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதிர்வு மணி வைத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு கோட்டைக்குப் போகும் புகையிரதத்தில் மலசலகூடம் உண்டு. சிறுகுடல் பை அணிந்தவர்களுக்குப் பஸ்ஸை விட அது வசதி.

"தண்ணீர் குடித்தால் பை நிறையும்" என்று நாள் முழுவதும் குடிக்காமல் இருப்பது நாங்கள் அடிக்கடி கேள்விப்படும் தவறு. சிறுகுடல் பை அணிந்தவருக்கு இது பேராபத்து. தலைச்சுற்று, நாக்கு வறட்சி, கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் கடும் மஞ்சளாதல் ஆகியவை நீரிழப்பின் அறிகுறிகள். மலம் தண்ணீராகப் போகும்போது வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிப்பதும் போதாது. உடம்புக்கு உப்பும் வேண்டும். ஜீவனிப் பக்கற்றைச் சரியாக ஒரு லீற்றர் ஆறிய கொதிநீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் போதும். இளநீரில் உப்பு குறைவு. அது ஜீவனிக்கு ஈடாகாது. சிறுநீரக நோய் அல்லது இருதய நோய் உள்ளவர்கள் எதை எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீர்ப் பை அணிந்தவர்களும் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. குறைத்தால் கிருமித் தொற்று வரும்.

விழுங்கிய குளிசை அப்படியே பையில் கிடக்கக் கண்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் குளிசைகள் சிலருக்குச் சிறுகுடலில் முழுமையாகக் கரைவதில்லை. மருந்தை மாற்றித் தருவார்கள்.

5. ஆகாயப் பயணம்

உம்றாவுக்கோ பிள்ளைகளைப் பார்க்கவோ வெளிநாடு போகலாமா என்றால், உங்கள் வைத்தியர் சம்மதித்தால் தாராளமாகப் போகலாம். சத்திரசிகிச்சை முடிந்து எவ்வளவு காலத்தின் பின் பறக்கலாம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்.

பை, தட்டு, மருந்து எல்லாவற்றையும் கைப்பொதியில் கொண்டுபோங்கள். பெரிய பெட்டி தொலைந்தால் ஜித்தாவிலோ டோஹாவிலோ உங்கள் அளவுப் பையைத் தேடி அலைய வேண்டி வரும். கைப்பொதியில் கத்தரிக்கோல் கொண்டுபோவதில் சிக்கல் வரலாம். அதனால்தான் தட்டுகளை முன்கூட்டியே வெட்டச் சொன்னோம். திரவங்களுக்கு 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு உள்ள விமான நிலையங்கள் பல. மருத்துவத் தேவைக்கான திரவம் என்றால் வைத்தியரின் கடிதத்தைக் காட்டுங்கள். அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

சோதனை இயந்திரத்தில் உங்கள் பை தெரியலாம். வரிசையில் உங்கள் முறை வருமுன்னே உத்தியோகத்தரிடம் கடிதத்தைக் கொடுங்கள். தனி அறையில், உங்கள் பாலினத்தைச் சேர்ந்த உத்தியோகத்தரே சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். உடுப்பின் மேலாகப் பையைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம். அதைக் கழற்ற வேண்டியதில்லை.

விமானத்தில் பை ஊதிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் வெடிக்காது. கடையில் வாங்கிய முறுக்குப் பக்கற்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அது உப்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உயரம் கூடக் காற்றழுத்தம் குறைவதே காரணம். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். அங்கே அடைபட்ட வாயு கால் பங்களவு விரியும். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் கூடியது 2,400 மீற்றர் உயரமுள்ள மலையில் இருப்பது போன்றது. வாயு மூன்றிலொரு பங்களவு விரியலாம். ஏறுமுன் பையை வெறுமையாக்கி, சோடா குடிக்காமல் இருந்தால் அதற்கு இடம் போதும். மலசலகூடத்துக்கு அருகில் நடைபாதை ஓர இருக்கையைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்.

6. வணக்க வழிபாடும் யாத்திரையும்

"பையோடு தொழலாமா? பள்ளிக்குப் போகலாமா?" என்று வெட்கத்தில் கேட்காமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் இடைவிடாது அசுத்தம் வெளியேறும் நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தொழுகை நேரம் வந்த பின் இயன்றவரை சுத்தம் செய்து, வுழூச் செய்து, தாமதிக்காமல் தொழுவது அந்த முறை. பிரயாணிக்குரிய ஜம்உ, கஸ்ர் சலுகைகளும் வழியில் உதவும். இஹ்ராம் உடையில் பையைத் தாங்கும் பட்டி அணிவது, தவாபின்போது கசிந்தால் செய்ய வேண்டியது போன்றவற்றை உங்கள் மௌலவியிடம் பயணத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். அங்கே போய் நின்று கலங்க வேண்டாம்.

உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் காட்டுப் பாதையில் பல நாள் நடக்க வேண்டும். அங்கே குப்பைத் தொட்டியும் இல்லை, மருந்துக்கடையும் இல்லை. வியர்வையால் தட்டு விரைவில் கழரும் என்பதால் மூன்று மடங்கு பைகள் கொண்டுபோங்கள். பாவித்த பைகளைக் காட்டில் போடாமல் சுற்றித் திரும்பக் கொண்டுவாருங்கள். உங்கள் நிலையை அறிந்த ஒருவர் கூடவே நடக்கட்டும். சிறுகுடல் பை அணிந்தவர்கள் உகந்தை வரை வாகனத்தில் போய் வணங்கித் திரும்புவதே பாதுகாப்பு.

7. சொல்லாமல் வரும் பயணம்

2004 டிசம்பர் 26 காலையில் இந்தக் கரையோரத்தில் யாருக்கும் பொதி கட்ட நேரம் இருக்கவில்லை. மாரி வெள்ளமும் எங்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்வும் ஒரு பயணம்தான். அதற்கும் ஆயத்தம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்குப் போதுமான பைகளை, நீர் புகாத பொதியொன்றில் கட்டி, கதவருகே உயரத்தில் தொங்கவிடுங்கள். கிளினிக் புத்தகத்தின் பிரதியும் அதற்குள் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பைகளை எடுத்துப் பாவித்துவிட்டுப் புதியவற்றை வையுங்கள். இன்னொரு சிறிய பொதியை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். நலன்புரி நிலையத்துக்குப் போக நேர்ந்தால், முதல் நாளே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ உங்கள் தேவையைத் தனியாகச் சொல்லுங்கள். மலசலகூடத்துக்கு அருகில் இடம் கேட்பது உங்கள் உரிமை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

8. பயணத்தை நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• ஸ்டோமா கருஞ்சிவப்பாக, ஊதாவாக அல்லது கறுப்பாக மாறுதல்
• சிறுகுடல் பையில் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் எதுவும் வராமல், வயிற்று வலியும் வாந்தியும் இருத்தல்
• பெருங்குடல் பையில் மலமும் வாயுவும் நின்று, வயிறு வீங்கி வாந்தி எடுத்தல்
• மலம் தண்ணீராகப் போய், தலைச்சுற்றுடன் சிறுநீர் குறைதல்
• அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம்
• சிறுநீர்ப் பை அணிந்தவருக்கு நடுக்கத்துடன் காய்ச்சல்

வயிற்றில் அடைப்பு இருக்கும்போது பேதி மருந்து குடிக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மீட்டல்

இந்தக் கேள்விகளுக்கு விடையை உங்கள் கொப்பியில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள்.

1. என் பை எந்த வகை? அதன் அளவும் இலக்கமும் என்ன?
2. பயத்தினால் நான் போகாமல் விட்ட இடம் எது?
3. அங்கே போக எவ்வளவு நேரம் எடுக்கும்? வழியில் மலசலகூடம் எங்கே உண்டு?
4. என்னோடு வருபவர் யார்? பை மாற்ற அவருக்குத் தெரியுமா?
5. அவசரப் பொதி எங்கே தொங்குகிறது?

இரண்டாவது கேள்விக்கு எழுதிய விடைக்குப் பக்கத்தில் ஒரு திகதியைக் குறியுங்கள். அது தூர இடமாக இருக்கத் தேவையில்லை. கல்முனைச் சந்தையாகவோ இரண்டு தெரு தள்ளியிருக்கும் மகளின் வீடாகவோ இருக்கலாம். அந்தத் திகதியில் பையை வெறுமையாக்கி, பொதியை மடியில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.